கல்வியின் அடிப்படைத் தாள்களை வகுப்பறைக்காகப் படிக்கும் முறை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவ ஆசிரியர்களுக்கு

பி.எட். படிப்பில் சேரும் மாணவ ஆசிரியர், தாம் நடத்தப்போகும் கணிதத்துக்கோ தமிழுக்கோ நேரடித் தொடர்பில்லாதவை போலத் தோன்றும் பல தாள்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. குழந்தைப் பருவம், சமகால இந்தியா, கலைத்திட்டம், பாலினம் என்று தலைப்புகள் வெவ்வேறாக இருந்தாலும், தத்துவம், வரலாறு, சமூகவியல், உளவியல் ஆகிய நான்கு துறைகளின் வழியே கல்வியை ஆராய்வதே இவை அனைத்தின் வேலை. இவற்றைத்தான் கல்வியின் அடிப்படைகள் என்கிறோம். ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்று கற்பித்தல் முறைத் தாள் சொல்லித்தருகிறது. அதை யாருக்கு, எதற்காக, எந்தச் சூழலில் நடத்துகிறோம் என்பதை அடிப்படைத் தாள்களிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆனால் நடைமுறையில் இத்தாள்கள்தாம் மிகவும் அலட்சியமாகப் படிக்கப்படுகின்றன. தேர்வுக்கு முந்தைய மாதத்தில் ஒரு கைடை வாங்கி, ரூசோ இயற்கைக் கொள்கையர், டூயி பயனளவைக் கொள்கையர் என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணியாற்றப்போகும் ஒருவருக்கு இது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. பல மொழிகள் பேசும் எல்லைப்புற ஊர்களும், மலைக் கிராமங்களும், வேலை தேடி இடம்பெயரும் குடும்பங்களும், தங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் உள்ள இவ்விரு மாவட்டங்களில், பாட அறிவை மட்டும் நம்பி வகுப்பில் நிற்பவர் முதல் பருவத்திலேயே திகைத்துப் போவார். பள்ளியை எப்போதும் கண்முன் வைத்துக்கொண்டு இத்தாள்களைப் படிப்பதற்கான ஒரு முறையைக் கீழே விளக்குகிறேன்.

பாடநூலுக்கு முன் பள்ளிக்குச் செல்லுங்கள்

கல்வியின் பொருள், வரையறை, நோக்கங்கள் என்று தொடங்கும் முதல் அலகை முதலில் படிக்க வேண்டாம். கல்லூரி தொடங்கிய சில வாரங்களுக்குள், உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள ஓர் அரசுப் பள்ளிக்குச் சென்று, தலைமை ஆசிரியரின் அனுமதி பெற்று, ஓரிரு நாட்கள் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து கவனியுங்கள். அங்கே பாடம் நடத்த வேண்டியதில்லை, யாரையும் மதிப்பிட வேண்டியதுமில்லை. காரணம் விளங்காத நிகழ்ச்சிகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சட்டென்று விடை சொல்லும் மூன்றாம் வகுப்புக் குழந்தை எழுதச் சொன்னதும் ஏன் தயங்குகிறது? பொங்கல் விடுமுறைக்குப் பிறகு சில இருக்கைகள் ஏன் வாரக்கணக்கில் காலியாகவே இருக்கின்றன? எட்டாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பெண் ஒன்பதாம் வகுப்பில் ஏன் காணவில்லை?

இப்படி ஐந்தாறு கேள்விகள் கைக்கு வந்த பிறகு பாடத்திட்டத்தைத் திறந்து, எந்தக் கேள்விக்கு எந்தத் தாளின் எந்த அலகு பதில் தரக்கூடும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பின் படிக்கும் ஒவ்வொரு பக்கமும் ஒரு விடையைத் தேடிப் படிக்கும் பக்கமாகிவிடும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் ஈராண்டுப் பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளி அனுபவத்தை வகுத்தன. முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் என்பது அதன் பிரிவு. முதலாண்டின் நான்கு வாரங்களைக் கேள்வி சேர்க்கவும், இரண்டாமாண்டின் பதினாறு வாரங்களைப் படித்ததைச் சோதித்துப் பார்க்கவும் பயன்படுத்துவது நல்லது.

சமூகவியல்: இந்த மாவட்டங்களில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய துறை

நான்கு துறைகளுக்கும் சமமாக நேரம் ஒதுக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. நம் பகுதியில் பணியாற்றுபவர் கல்விச் சமூகவியலை மற்ற மூன்றையும்விட ஆழமாகப் படிக்க வேண்டும்.

முதலில் எழுத்தறிவு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு விகிதம் ஏறத்தாழ 80 விழுக்காடு. கிருஷ்ணகிரி 71 விழுக்காட்டை ஒட்டியும், தருமபுரி 68.5 விழுக்காட்டுடன் மாநிலத்தின் கடைசி இடத்திலும் இருந்தன. இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருப்போரில் பலர், அந்தக் கணக்கில் எழுத்தறியாதவர்களாகப் பதிவானவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ சொன்ன பண்பாட்டு மூலதனம் என்ற கருத்தை இந்த இடத்தில் படித்தால்தான் அது உயிர்பெறும். பள்ளி எதிர்பார்க்கும் மொழிநடை, நூல்களோடு பழக்கம், வீட்டில் ஐயம் கேட்க ஓர் ஆள் ஆகியவை சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிடுகின்றன. பள்ளியோ அவற்றைத் திறமை என்று எண்ணி மதிப்பெண் தருகிறது. இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர் வீட்டுப்பாடத்தை எப்படிக் கொடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் நீங்கள் கொடுத்த வீட்டுப்பாடங்களை எடுத்து, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரின் துணையில்லாமல் ஒரு பிள்ளை செய்யக்கூடியவை எத்தனை என்று எண்ணுங்கள். மற்றவற்றை வகுப்பு நேரத்துக்குள் கொண்டுவாருங்கள்.

அடுத்தது மொழி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, பேரிகை, வேப்பனப்பள்ளிப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஏராளம். கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் குடும்பங்கள் உண்டு. சித்தேரி, சிட்லிங்கிப் பக்கம் சென்றால் மலைவாழ் மக்களின் பேச்சுவழக்கையும் லம்பாடி மொழியையும் கேட்கலாம். ஓசூரின் தொழிற்சாலைகளுக்கு வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் இப்போது அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006-07இல் முதல் வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. சிறுபான்மை மொழிவழிப் பள்ளிகளில் அது எழுப்பிய விவாதத்தின் இரு தரப்பையும் அறிந்துகொள்வது, மொழிக் கொள்கை பற்றிய அலகைப் படிக்கும் சிறந்த வழி.

கொள்கையோடு நின்றுவிடாமல், உங்கள் பயிற்சிப் பள்ளியில் ஒரு வகுப்பின் மொழி நிலையைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பேசும் மொழி, விளையாடும்போது பேசும் மொழி, பாடநூலின் மொழி என்று மூன்று பத்திகள் போதும். எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்திக் கேட்காமல், மதிய இடைவேளையில் பேச்சுவாக்கில் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று பத்திகளிலும் வெவ்வேறு மொழி வரும் பிள்ளைகள் யார் என்று தெரிந்தபின், அவர்கள் ஒரு வினாவை முதலில் தம் மொழியில் அருகிலிருப்பவரோடு பேசிக்கொள்ளவும், பிறகு தமிழில் சொல்லவும் இடம் கொடுங்கள். அப்பிள்ளைகளின் மொழியில் உங்கள் பாடத்துக்குத் தேவையான முப்பது சொற்களையாவது அவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர் தம் மொழியைக் கற்க முயல்வதைப் பார்க்கும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்கத் தொடங்கும்.

மூன்றாவது, இடம்பெயர்தல். பெங்களூருவின் கட்டட வேலைக்கும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும், செங்கல் சூளைகளுக்கும் குடும்பத்தோடு செல்பவர்கள் நம் கிராமங்களில் பலர். வருகைப் பதிவேட்டை மாதவாரியாகப் பார்த்தால், எந்த மாதத்தில் எத்தனை பிள்ளைகள் தொடர்ந்து வரவில்லை என்பது விளங்கும். அதை ஊரின் விதைப்பு, அறுவடை, திருவிழா நாட்களோடு ஒப்பிடுங்கள். பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்ற முடிவு பெரும்பாலும் இந்த ஒப்பீட்டில் அடிபட்டுப் போகும். கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும், இடையில் நின்றவரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் சொல்வது இத்தகைய குடும்பங்களை மனத்தில் கொண்டுதான். சட்டத்தின் அந்தப் பிரிவுகளை வருகைப் பதிவேட்டோடு சேர்த்துப் படியுங்கள்.

பாலினத் தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. குழந்தைத் திருமணம் இன்றும் நம் இரு மாவட்டங்களிலும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கவலை தரும் செய்தி. இந்தப் பின்னணியில், பாலினச் சமத்துவத்தைக் கட்டுரைத் தலைப்பாக மட்டும் படித்துவிட்டுப் போவது பொறுப்பான செயல் ஆகாது. ஒரு வாரம் உங்கள் வகுப்பிலேயே கணக்கெடுங்கள்: கேள்விகளில் எத்தனை ஆண் பிள்ளைகளுக்கும் எத்தனை பெண் பிள்ளைகளுக்கும் சென்றன, ஆய்வகக் கருவிகளை யார் கையாண்டார்கள், வகுப்பைப் பெருக்கியது யார், மேசையைத் தூக்க யாரை அழைத்தீர்கள்? உங்கள் கையெழுத்தில் உள்ள அந்த எண்ணிக்கை, பாடநூலின் பத்துப் பக்கங்கள் சொல்லாததை உங்களுக்குச் சொல்லும். அடுத்த வாரம் திட்டமிட்டு மாற்றிப் பாருங்கள்.

உளவியல்: பெயர்களை நம்பாமல் சோதித்துப் படியுங்கள்

உளவியல் தாளில் தேர்ச்சி பெறுவது எளிது. அதை நம்பகமாகப் பயன்படுத்துவதுதான் கடினம். குழந்தையின் சிந்தனை படிப்படியாக வளர்கிறது என்ற உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சி நிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஒரே அளவு டம்ளர்களில் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒன்றிலுள்ளதை அகலமான கிண்ணத்துக்கு மாற்றி, இப்போது எதில் அதிகம் என்று கேட்கும் சோதனையை முதல் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் சில பிள்ளைகளிடம் தனித்தனியே செய்து பாருங்கள். சின்னப் பிள்ளைகளில் பலர் டம்ளரில்தான் அதிகம் என்பார்கள், பெரியவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். ஏறக்குறைய ஏழு வயதில் இந்த மாற்றம் நிகழ்கிறது என்பது பியாஜேயின் விளக்கம்.

அத்துடன் விட்டுவிடாதீர்கள். 1970களில் மெக்காரிகில், மார்கரெட் டொனால்ட்சன் ஆகிய உளவியலாளர்கள் இத்தகைய சோதனையைச் சற்று மாற்றிச் செய்தார்கள். பெரியவர் கலைத்து அடுக்குவதற்குப் பதிலாக ஒரு குறும்புக்காரப் பொம்மை வந்து பொருள்களைக் கலைத்துவிட்டதாகக் காட்டியபோது, சரியான விடை சொன்ன சிறு குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் முதல் விடை தவறு போலும் என்று குழந்தை எண்ணிக்கொள்வது இதற்கு ஒரு விளக்கம். நம் வகுப்புகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சரியான விடை சொன்ன பிள்ளையிடம், உறுதியாகத்தானா என்று நாம் மீண்டும் கேட்டதும் அது விடையை மாற்றிக்கொள்வதை நாள்தோறும் பார்க்கிறோம். கேள்வி கேட்கும் விதமும், கேட்பவரின் அதிகாரமும் விடையைப் பாதிக்கின்றன என்பதை ஒரு தாள் மதிப்பெண்ணுக்காக இல்லாமல் உங்களுக்காகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியைப் படிக்கும்போது, குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட அண்மை வளர்ச்சி மண்டலம் என்ற கருத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கற்கும் குழந்தைக்குத் தேவையான அளவு துணை தந்து, பிறகு அதைப் படிப்படியாக விலக்கிக்கொள்வதைக் குறிக்கும் சாரம் கட்டுதல் என்ற உவமை அவருடையது என்று பல கைடுகளில் இருக்கும். அதை 1976இல் எழுதியவர்கள் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவர். வைகாட்ஸ்கி 1934லேயே மறைந்துவிட்டார். இத்தகைய சிறு பிழைகளைத் திருத்திக்கொண்டு படிப்பது ஆசிரியருக்கு உரிய ஒழுங்கு.

நம் பகுதிக்கு மிகவும் பொருத்தமான ஓர் ஆய்வு பிரேசில் நாட்டிலிருந்து கிடைக்கிறது. ரெசிஃபி நகரச் சந்தைகளில் பழமும் தேங்காயும் விற்ற ஐந்து சிறார்களிடம் கேரஹர் குழுவினர் நடத்திய ஆய்வு 1985இல் வெளியானது. சந்தையில் வாங்குபவர் கேட்கும் விலைக் கணக்குகளில் 98 விழுக்காட்டை மனத்தாலேயே சரியாகச் செய்த அதே சிறார்கள், அதே கணக்குகளை எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடு மட்டுமே சரியாகச் செய்தார்கள். ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கோ, கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்கோ, தருமபுரிப் பூச்சந்தைக்கோ தந்தையோடு செல்லும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். கழித்தல் வராது என்று ஒரு பிள்ளையைப் பற்றிப் பதிவேட்டில் எழுதுவதற்கு முன், ஐந்நூறு ரூபாய் கொடுத்தவருக்கு மீதி எவ்வளவு தருவாய் என்று அதே கணக்கைக் கேட்டுப் பாருங்கள். எப்படிக் கணக்கிட்டாய் என்று சொல்லச் சொல்லி, அது சொல்லும் வழியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, அங்கிருந்து பாடநூலின் முறைக்குக் கொண்டுசெல்லுங்கள். நான் கண்டவரை, உளவியலும் சமூகவியலும் கணித முறையும் ஒன்றுசேரும் இடம் இதைப் போல் வேறில்லை.

மாஸ்லோ, எரிக்சன், கோல்பர்க் ஆகியோரைச் சுருக்கமாகப் படித்தால் போதும். பசித்த குழந்தை கவனிக்காது என்பதற்கு மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணம் தேவையில்லை. 2022இல் தொடங்கி 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் நடக்கும் பள்ளியில் முதல் பாடவேளையைக் கவனித்தாலே அது புரியும்.

வரலாறு: நம் மண்ணிலிருந்து தொடங்கலாம்

1835 மெக்காலே குறிப்பு, 1854 உட்ஸ் அறிக்கை, 1882 ஹண்டர் குழு, 1964-66 கோத்தாரி குழு என்று ஆண்டுகளை அடுக்கிப் படித்தால் எதுவும் நிற்காது. தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினால் நிற்கும். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகாலில், 1792 முதல் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வருவாய்ப் பணி செய்தவர் தாமஸ் மன்றோ. அவரே பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராகி, 1822இல் மாவட்ட ஆட்சியர்கள் எல்லாரிடமும் உள்ளூர்ப் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆங்கிலக் கல்விக்கு முன் இங்கே பள்ளிகளே இல்லை என்று சொல்பவருக்கும், அனைவரும் படித்திருந்தார்கள் என்று சொல்பவருக்கும் அந்தக் கணக்கு ஒருசேர மறுப்புச் சொல்கிறது. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற அளவில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன, ஆனால் அங்கே படித்தவர்களில் பெண்கள் மிகச் சிலரே.

இன்னொன்று, இதைவிடக் கூர்மையாகப் படிக்க வேண்டியது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, முதலமைச்சராக இருந்த 1953இல் தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்துவிட்டு, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. இதை 1937 வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டிலும் கைத்தொழில் இருக்கிறது. காந்தியின் திட்டத்தில் கைத்தொழில் பள்ளிக்குள், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக, பாடங்களோடு பிணைந்து வருகிறது. 1953 திட்டத்திலோ பிள்ளை பள்ளியை விட்டு வெளியே சென்று, தான் பிறந்த குடும்பத்தின் தொழிலுக்குத் திரும்புகிறது. தொழில் பிறப்போடு கட்டப்பட்ட சமூகத்தில் அந்த வேறுபாடு மிகப் பெரியது, எதிர்த்தவர்கள் அதைச் சரியாகக் கண்டுகொண்டார்கள் என்பது என் முடிவு. நீங்கள் இரு தரப்பு வாதங்களையும் படித்து உங்கள் முடிவுக்கு வாருங்கள். அதன் பிறகு, தொழிற்கல்வி பற்றி 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்வதைப் படித்தால், அதை ஆதரிக்கவோ மறுக்கவோ காரணம் சொல்ல உங்களால் முடியும்.

வாய்ப்பிருந்தால், பயிற்சிப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமை ஆசிரியரின் அனுமதியோடு பார்த்து, பத்தாண்டுக்கு ஒருமுறை ஆண், பெண் எண்ணிக்கை எப்படி மாறியிருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்களைப் படியெடுக்க வேண்டாம்.

தத்துவம்: ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு

தத்துவத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மற்ற மூன்றையும் படித்த பிறகே அதன் கேள்விகள் நமக்குச் சொந்தமாகின்றன என்பதுதான். இலட்சியக் கொள்கை, இயற்கைக் கொள்கை, பயனளவைக் கொள்கை என்று அட்டவணை போடுவதை விட்டுவிட்டு, ஒரு பாடத்தை எடுத்து, அதை ஒவ்வொரு சிந்தனையாளரும் எப்படித் திட்டமிட்டிருப்பார் என்று எழுதிப் பாருங்கள்.

நடுநிலை வகுப்பில் குடிநீர் பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். நம் பகுதியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது பல்லையும், நெடுநாளில் எலும்பையும் பாதிக்கும். அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. இந்தப் பாடத்தை ஜான் டூயியின் வழியில் திட்டமிட்டால், நம் ஊரில் சிலருக்குப் பல்லில் ஏன் கறை என்ற சிக்கலில் தொடங்கி, கருதுகோள், நீர் மாதிரி சேகரிப்பு, ஒப்பீடு என்று வகுப்பு நகரும். காந்தியின் வழியில், நீரைச் சேமிக்கும் ஒரு வேலையைக் கையால் செய்து, அதன் வழியே அளவும் வேதியியலும் கற்பார்கள். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரைரேயின் வழியில், ஆழ்துளைக் கிணறுகள் ஏன் இவ்வளவு ஆழத்துக்குச் சென்றன, குழாய் நீர் எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது என்ற கேள்விகள் எழும். தாகூரோ பிள்ளைகளை முதலில் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றிருப்பார்.

நான்கு திட்டங்களையும் எழுதிய பின், எதை உங்கள் வகுப்பில் செய்ய முடியும், எதைச் செய்யத் தயங்குகிறீர்கள், ஏன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கம்தான் உங்கள் கல்வித் தத்துவத்தின் தொடக்கம். கறை படிந்த பல்லுள்ள பிள்ளை வகுப்பிலேயே இருக்கக்கூடும் என்பதால், அப்பிள்ளையைக் காட்சிப் பொருளாக்காமல் பாடத்தை எப்படித் தொடங்குவது என்பதையும் அதே பக்கத்தில் யோசியுங்கள். அறநெறி பற்றிய அலகு அந்த யோசனையில்தான் உயிர்பெறுகிறது.

சட்டங்கள்

இவற்றை விளக்கமாகப் படிக்க வேண்டியதில்லை, ஆனால் தெரியாமல் இருக்கவே கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது என்கிறது. மாணவி ஒருவருக்குத் திருமண ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தால் தலைமை ஆசிரியரிடம் உடனே சொல்லி, 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் கற்றல் குறைபாடும் ஒன்று என்பதை அறிந்தவர், எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லமாட்டார்.

குறிப்பேடும் தேர்வும்

கல்லூரிக்குக் கொடுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கு வெளியே, உங்களுக்கென்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் பள்ளியில் கண்டதை விளக்கம் சேர்க்காமல் எழுதுங்கள்: அவன் கவனிக்கவில்லை என்று எழுதாமல், பத்து நிமிடத்தில் நான்கு முறை சன்னல் பக்கம் பார்த்தான் என்று எழுதுங்கள். வலப்பக்கத்தில் படித்த கருத்துகளில் எது இதை விளக்கக்கூடும் என்று எழுதுங்கள். இரண்டு கருத்துகள் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து, அதனால் வகுப்பில் எதை மாற்றினீர்கள், என்ன நடந்தது என்று அடியில் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகளின் பெயரை எழுதாதீர்கள், எழுத்துக் குறியீடு போதும். பக்கத்து ஊர்களில் பயிற்சி பெறும் மூன்று நான்கு பேர் சனிக்கிழமைகளில் கூடி, ஆளுக்கு ஒரு பதிவை வாசித்துப் பேசினால், ஒருவர் உளவியலாகப் பார்த்ததை இன்னொருவர் சமூகவியலாகப் பார்ப்பது தெரியவரும்.

தேர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பல்கலைக்கழகத் தேர்வில் கோட்பாட்டை வரையறுத்த பின் சொந்தக் குறிப்பேட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சேர்த்து எழுதும் விடை தனித்துத் தெரியும். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்களில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் என்ற பகுதிக்கு உரியவை. அங்கே வரும் கேள்விகளில் பல, ஒரு வகுப்பறைச் சூழலைக் கொடுத்து ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவை என்பதால், இந்தக் குறிப்பேட்டைத் திருப்பிப் பார்ப்பதே அதற்கான பயிற்சியாகவும் அமையும். பணி ஆணை கிடைத்து அஞ்செட்டிக்கோ அரூருக்கோ செல்லும்போது அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதல் மாதத்தில் புதிய பள்ளியின் மொழி நிலையையும் வருகைப் பதிவேட்டையும் அதே முறையில் மறுபடி பதிவு செய்யத் தொடங்குங்கள்.